பெடல் இல்லாத லிஃப்ட்

ஏறுகிறது. நாட்ராயன் ஜாக்கிக் கம்பியை அமுக்க அமுக்க, பழைய லாரி ஜாக்கி முக்கி முனகிக்கொண்டு மேலே வருகிறது, அதோடு இரும்புப் பலகை வருகிறது, பலகையோடு புல்லட்டும் வருகிறது, முழங்கால் மட்டத்துக்கு வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், தொடை மட்டம், போதும். கார் இல்லாத வீட்டின் கார் ஷெட்டில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோற்றை உண்டுவிட்டு, ஒரு மனிதர் தானே செய்த லிஃப்டில் தன் வண்டியைத் தானே ஏற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கை தட்ட ஒரு ஆளில்லை. இல்லாததும் நல்லதுதான். வண்டியைப் பலகை மேல் உருட்டி ஏற்றும்போது வலது கால் இரண்டு தடவை தடுக்கியதை யாரும் பார்க்கவில்லை. சாந்தாமணி அன்னூருக்குப் போயிருக்கிறாள், சித்தி பேரனுக்குக் காதுகுத்து. கட்டின புருசன் வராததற்கு அங்கே என்ன சொல்லட்டும் என்று வாசலில் நின்று கேட்டாள். வண்டி வேலை இருக்கிறதென்று சொல் என்றார். என்னைக் கட்டாமல் அந்த வண்டியையே கட்டியிருக்கலாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவள் அப்படிச் சொன்னது அவருக்கு உள்ளூரக் குளிர்ச்சியாக இருந்தது. அதற்காகத்தானே இத்தனை மாதமாகப் பாடுபடுகிறார். நாட்ராயனுக்கு வண்டிக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று வீட்டில் பேசவேண்டும், தெருவில் பேசவேண்டும், பம்ப் கம்பெனியில் பேசவேண்டும், வெள்ளிக்கிழமை மகள் சிந்துஜாவைப் பெண் பார்க்க வரப்போகிறவர்கள் டீக்கடையில் விசாரித்தால் டீக்கடைக்காரரும் அதையே சொல்லவேண்டும். நல்ல மனுசனுங்க, வண்டிப் பைத்தியம், வேற ஒரு குறையும் இல்லீங்க. பைத்தியங்களில் இது ஒன்றைத்தான் சம்பந்தம் பேசுகிறவர்கள் மன்னிக்கிறார்கள்.

லாக் ராடைத் துளையில் செருகினார், டக்கென்று உட்கார்ந்தது. இனி ஜாக்கி கைவிட்டாலும் பலகை இறங்காது. முன்சக்கரத்தை ஒரு பிடி கவ்வியிருக்கிறது, பின்சக்கரம் இரண்டு உருளை மேல் நிற்கிறது, ஸ்டாண்ட் போடாமலே சுற்றலாம். இத்தனை வருசம் ஃபிட்டராக இருந்து அடுத்தவன் கம்பெனிக்குச் செய்த வேலைகளில் இப்படி ஒன்று இல்லை என்று ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது, நிமிர்ந்த கையோடு வெல்டிங் பட்டறைப் பீட்டரின் பார்வை ஞாபகத்துக்கு வந்து சுருங்கியும் போயிற்று. செய்வதற்கு முன்னால் நாட்ராயன் போனில் எத்தனை லிஃப்ட் பார்த்திருப்பார். ஒரு தடவை தேடப்போக, அப்புறம் போனைத் திறந்தாலே லிஃப்டாக வந்து விழுந்தது. பின்சக்கரத்தை மட்டும் தூக்குகிற சின்ன ஸ்டாண்ட் ஒன்று. வேண்டாம், அதைச் சொருகுவதற்கு வண்டியை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு குனிய வேண்டும், ஊன்றி நிற்கக் கால் வேண்டும். ஷெட் கூரையில் கொக்கி போட்டுச் சங்கிலியில் தூக்குவது. வீட்டு வாசலில் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கச் சாந்தாமணி சம்மதிக்க மாட்டாள். செங்கல் அடுக்கி, பலகையைச் சாய்த்து மேலே ஏற்றுவது, ஏற்றிய பிறகு? மெயின் ஸ்டாண்ட் போடத்தானே வேண்டும். ரெடிமேடாக வருகிற மேசை லிஃப்ட் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, சிவப்புப் பெயிண்ட், முன்சக்கரத்தைக் கவ்வ ஒரு பிடி, ஆனால் எதைத் திறந்து பார்த்தாலும் அடியில் ஒரு பெடல். மிதித்து ஏற்று, மிதித்து இறக்கு. ஊர் உலகத்தில் லிஃப்ட் செய்கிறவனுக்கெல்லாம் இரண்டு காலும் கல்லுப் போல இருக்கும்போல. அதனால்தான் தானே செய்வது என்று இறங்கினார். பழைய இரும்புக் கடையில் சானல் பொறுக்கினார், கம்பெனியில் கழித்துப் போட்ட ஜாக்கிக்கு வாஷர் மாற்றினார், பேப்பரில் வரைந்து பீட்டரின் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனார். பீட்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெடல் வெச்சுக்கலாங்ணா, ரெண்டு கையும் சும்மா இருக்கும், வண்டியப் புடிச்சுக்கலாம், யாருங்ணா கையில வெப்பாங்க என்றான். கையிலேயே வை என்றார். முட்டி வலியா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். இல்லை, கையிலேயே வை என்று குரலை உயர்த்திவிட்டார். பீட்டர் அப்போது பார்த்தான், முகத்தை இல்லை, கீழே காலை. அரை நொடிகூட இருக்காது. கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டு வெல்டிங் வைக்க ஆரம்பித்துவிட்டான். அந்த அரை நொடி இன்னும் முடிந்தபாடில்லை.

முதல் தடவை நடந்தது கம்பெனி ஷெட்டில். மெயின் ஸ்டாண்ட் போடுவது பலத்தில் இல்லை, பக்குவத்தில் இருக்கிறது என்று புதிதாகப் புல்லட் வாங்குகிறவர்களுக்கெல்லாம் கேட்காமலேயே பாடம் எடுத்தவர் அவர். தூக்காதே, வலது காலால் ஸ்டாண்டை அமுக்கி அதன் மேல் ஏறி நில், வண்டி தானாகப் பின்னால் ஏறி உட்காரும். அன்றைக்கு அப்படித்தான் ஏறி நின்றார். வண்டி உட்காரவில்லை. அமுக்கு என்று மனம் சொன்னது, சொன்னது காலுக்குப் போய்ச் சேருவதற்குள் வழியில் எங்கோ டீ குடிக்க நின்றுவிட்டது போல ஒரு தாமதம். செருப்பு வழுக்குது என்றார் பக்கத்தில் நின்றவர்களிடம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்காதபோதே பதில் சொன்னது அவருக்கே உறைத்தது. மறுநாள் ஷூ போட்டுக்கொண்டு போனார், ஷூவும் வழுக்கியது. அதற்கப்புறம் சைடு ஸ்டாண்ட்தான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பிடித்து இடது கால் விரலில் எக்கி நிற்பார், நிற்க முடிந்தது. வலது காலில் எக்குவார், குதிகால் தரையை விட்டு எழாது, தரையிலேயே ஒட்ட வைத்தது போலக் கிடக்கும். நேற்று எழவில்லை, இன்று எழுமோ என்று தினமும் பார்ப்பது ஒரு வழக்கமாகிப் போனது, பல் தேய்க்கிற மாதிரி. வயசாகிறது, அவ்வளவுதான் என்பார். கம்பெனியில் நாள் முழுக்க நிற்கிற கால்தானே என்பார். சர்க்கரையாக இருக்கும் என்று நினைத்தபோது எவ்வளவு நிம்மதி. சர்க்கரை வந்தால் கால் மரத்துப் போகும், மாத்திரை உண்டு, ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது, வெட்கமில்லாமல் யாரிடமும் சொல்லலாம், கல்யாண வீட்டில் பாயசம் வேண்டாம் என்று சொல்வதில் ஒரு கவுரவம்கூட இருக்கிறது. ரத்தம் கொடுத்துவிட்டு மருதமலை இருக்கிற திசையைப் பார்த்து, சர்க்கரையாக இருக்கட்டும் முருகா என்று வேண்டிக்கொண்டார். எந்தச் சாமியிடம் எந்த மனுசன் இப்படி ஒரு வரம் கேட்டிருப்பான். சர்க்கரை சுத்தமாக இல்லைங்க, நல்லா இருக்கீங்க என்று லேப் பெண் சிரித்துக்கொண்டே பேப்பரை நீட்டியபோது அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்லா இருக்கீங்க. வெளியே வந்து வண்டியை எடுத்தார், பின் பிரேக்கும் அந்தக் காலில்தானே இருக்கிறது என்று நூறடி ரோடு சிக்னலில் உறைத்தது, அன்றிலிருந்து கை பிரேக்கை மட்டும் பிடித்தே ஓட்டுகிறார், பின்னால் சாந்தாமணி உட்கார்ந்து மளிகைச் சாமான் பற்றிப் பேசிக்கொண்டு வருவாள், லாரி குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு உள்ளங்கை வேர்க்கும்.

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செயின் இப்போது கண்ணுக்கு நேரே இருக்கிறது, குனிய வேண்டியதில்லை, படுக்க வேண்டியதில்லை, ஆனந்தமாகத் துடைக்கலாம். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஒவ்வொரு கண்ணியாகத் துடைக்க ஆரம்பித்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பிராந்தி வாசனை வந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் அவருக்கு எந்த நெடி அடித்தாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும், அண்ணனின் சட்டையில். சென்னியப்பண்ணன் நடந்து வந்தால் சத்தம் முதலில் வரும். பட்டக், பட்டக் என்று வலது பாதம் தரையில் அறைந்து விழும். செருப்பு எப்போது காலை விட்டுக் கழன்றது என்று அண்ணனுக்குத் தெரியாது; தெருக்கோடியில் ஒற்றைச் செருப்பு கிடந்தால் அக்கம்பக்கத்தில் எடுத்து வந்து கொடுப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஊசியால் குத்தி, கரண்ட் வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர், நரம்பு பட்டுப்போகிறது என்றார், இது குடும்பத்தில் ரத்தத்தோடு வருவது, கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். கூடப் பிறந்தவர் நாட்ராயன் ஒருவர்தான். மீசை அடர்ந்து வந்த வயசு, அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். டாக்டர் சொன்ன இங்கிலீஷ் பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை, நுழையாததும் நல்லதாய்ப் போயிற்று. அன்று சாயங்காலம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேர், அம்மா, தாய்மாமன், அண்ணன், அவர். மாமன்தான் வழி சொன்னார்.

"குடிகாரன்னு சொன்னா ரெண்டு திட்டுத் திட்டிப்போட்டுப் பொண்ணு குடுத்துருவாங்க. ரத்தத்துல நோவுன்னு சொன்னா இந்த வீட்டுப் பக்கமே தல வெச்சுப் படுக்க மாட்டாங்க."

அம்மா அழுதாள். அண்ணன் அழவில்லை. டீ காப்பிகூடத் தொடாத மனுசன், சிகரெட் புகை பட்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர், கொஞ்ச நேரம் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செரிங் மாமா, நான் குடிச்சர்றேன் என்றார். சொல்லிவிட்டு நாட்ராயனைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த வாய்தானே இது. ஒரு வார்த்தை, வேண்டாங்ணா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெண்ணின் போட்டோ அப்போதே வந்துவிட்டிருந்தது, சட்டைப் பையில் இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து அண்ணன் சாயங்காலமானால் பிராந்திக் கடைக்கு முன்னாலிருந்த தள்ளுவண்டியில் போய் உட்காருவார், மிளகுத்தூள் போட்டு ஒரு அவித்த முட்டை தின்பார், ஒரு கலர் சோடா வாங்கிக் கையில் வைத்துக்கொள்வார், நாலு பேர் பார்த்த பிறகு எழுந்து பட்டக், பட்டக்கென்று தெரு நடுவே தள்ளாடி வருவார். நடிக்க வேண்டியதில்லை, நடை இருந்தது. கூட ஒரு முட்டை வண்டி போதுமாயிருந்தது. சாந்தாமணி வீட்டிலிருந்து சம்பந்தம் பேச வந்த அன்று அம்மா சாமி அறையில் ஒளித்து வைத்திருந்த சீசாவைத் திறந்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, அண்ணன் சட்டையில் அத்தர் தடவுவது போல அங்கங்கே தொட்டு வைத்தாள். வாசல் நடையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். வந்த மாமனார் கட்டிலைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார், யாரூட்டுலதான் ஒருத்தன் இல்ல, எங்கூட்டுலயும் ஒருத்தன் இருக்கறான் என்றார், சிரித்தார்கள், தட்டு மாற்றினார்கள். அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தார், இமை மட்டும் துடித்தது, அதை நாட்ராயன் ஒருத்தர்தான் பார்த்தார்.

கண்ணி துடைத்தாயிற்று, சக்கரத்தைக் கொஞ்சம் சுற்று, அடுத்த கண்ணி. செயினுக்கு முடிவே இல்லை, துடைத்த கண்ணியே திரும்ப வருகிறதா என்று சந்தேகமாக இருக்கிறது. சாந்தாமணிக்கு இன்றுவரை தெரியாது. குடிகாரக் கொழுந்தனார் என்றுதான் அவள் வாழ வந்த நாளிலிருந்து... கொழுந்தனார் இல்லை, மூத்தார், மச்சாண்டார், அந்த மரியாதையைக்கூட அவள் கொடுக்கவில்லை, அந்தாளு என்பாள். அந்தாளுக்கு என்று தனியாக ஒரு அலுமினியத் தட்டு. எச்சிலாம், நாற்றமாம். அண்ணன் அந்தத் தட்டில் சாப்பிட்டுவிட்டு, சோறு நல்லாருக்குது புள்ள என்று தரையைப் பார்த்துச் சொல்லுவார். சிந்துஜா பிறந்தபோது அண்ணன் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து நின்றார், குழந்தையை ஒருதரம் வாங்கிக்கொள்கிறேன் என்று. குடிச்சுப் போட்டுக் கீழ போட்டுருவீங்க என்று சாந்தாமணி கொடுக்கவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது, கீழே போட்டாலும் போட்டிருப்பார், அதற்குள் கையும் போக ஆரம்பித்திருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். தாலி கட்டியாயிற்று, பிள்ளை பிறந்தாயிற்று, இனி யார் வந்து பெண்ணைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார்கள். சொன்னால் குழந்தையைப் பார்ப்பாள், குழந்தையின் காலைப் பார்ப்பாள், அப்புறம் அவரைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்துகொண்டு நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி அண்ணனே போய்ச் சேர்ந்துவிட்டார். ஈரல் போச்சு என்று ஊரே சொன்னது, பின்னே, குடிச்ச குடிக்கு. கருமாதிக்குப் படையல் போடும்போது அண்ணனுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தார்கள், கச்சாயம், நிலக்கடலை, வேட்டி துண்டு. சாந்தாமணியின் சித்தப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, மனுசனுக்கு உசுரே அதுதான், அத வெக்காம இருந்தா ஆத்துமா அலையும், போயி ஒரு குவாட்டர் வாங்கியாங்க மாப்பிள்ளை என்றார். நாட்ராயன்தான் போனார். வாங்கி வந்து, மூடியைத் திறந்து, ஒரு சொட்டுக் குடிக்காத மனுசன் போட்டோவுக்கு முன்னால் வாழையிலையில் அவர் கையாலேயே வைத்தார். காக்காய் வந்தது, கடலையைக் கொத்தியது, திருப்தியாகிவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா மட்டும் இலைப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் அம்மாவும் அதைப் பற்றிப் பேசவில்லை, பேசாமலேயே போய்விட்டாள், மாமனும் போய்விட்டார். இப்போது அறிந்தவர் இவர் ஒருத்தர்தான்.

வெயில் ஷெட்டுக்குள் நீண்டுவிட்டது. தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தார், எழுந்தவர் லிஃப்டின் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, கால் கொஞ்சம் கழித்து வந்து சேர்ந்தது. சிமெண்ட் தரை வலது பாதத்தில் சில்லென்று படவேண்டும், படுகிறதா இல்லையா என்று நிச்சயமில்லை. குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இருக்கிறது, வலது காலில் இல்லை. எங்கே கழன்றது? கேட்டைச் சாத்தப் போனபோதா, சாந்தாமணியை வழியனுப்பப் போனபோதா? அப்படியானால் அவள் பார்த்திருப்பாளா, பார்த்தும் சொல்லாமல் போயிருப்பாளா? கேட்டுப் பக்கம் போய்ப் பார்க்கப் பயமாக இருந்தது, செருப்பு அங்கே கிடந்தால் ஒரு பயம், கிடக்காவிட்டால் இன்னொரு பயம். ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். போகலாம், ஆனால் கோயம்புத்தூரில் எந்த ஆஸ்பத்திரிக் கேன்டீனில் சொந்தக்காரன் ஒருத்தன் உட்கார்ந்து இட்லி தின்னாமல் இருக்கிறான். வெள்ளிக்கிழமை முடியட்டும். உடுமலைப் பக்கம் நல்ல இடம், மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை, அடக்கமான ஜனம், பூ வைத்துவிட்டார்களானால் அப்புறம் போகலாம். கல்யாணம் முடிந்து போகலாம். ஒரு பேரன் பேத்தி பிறந்த பிறகு... அங்கே வந்து நின்றது. எப்போதும் அங்கே வந்துதான் நிற்கும், நூல் முடிச்சில் ஊசி நிற்கிற மாதிரி. டாக்டர் கரண்ட் வைத்துப் பார்ப்பார், பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார், உங்களுக்குக் குழந்தைகள் உண்டா என்று. அந்தக் கேள்வி காதில் விழாமல் இருப்பதற்காகத்தான் இந்த இரும்பெல்லாம், இந்த வெல்டிங் எல்லாம், இந்த வண்டிக் கிறுக்கு எல்லாம். தான் படுத்துக் கிடக்கலாம், அலுமினியத் தட்டில் சாப்பிடலாம், அது ஒரு வகையில் சரியான தண்டனை என்றுகூட அவர் மனசு ஒத்துக்கொண்டுவிட்டது. வேண்டுமானால் குடிகாரன் பட்டமும் வாங்கிக்கொள்ளலாம். போன வாரம் ஒரு நாள் டாஸ்மாக் எதிரில் வண்டியை நிறுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்தான், ஆரம்பித்தால் என்ன என்று. இப்போது அங்கே முட்டை வண்டிகூட இல்லை. ஆனால் குழந்தைகள் உண்டா, அதை மட்டும் காதால் கேட்க முடியாது. இருக்காது. அண்ணனுக்கு வந்தது, தனக்கு வந்தது, அதோடு தீர்ந்தது. எல்லோருக்கும் வந்தாக வேண்டுமென்று டாக்டர் சொல்லவில்லையே. சொல்லவில்லையா? என்னதான் சொன்னார் அன்றைக்கு? பெண்பிள்ளைக்கு வராது என்று சொன்னாரா, இல்லை தானே அப்படிச் சேர்த்துக்கொண்டதா? எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் டாக்டரின் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை.

ஸ்கூட்டர் சத்தம் வந்தது. சிந்துஜாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட், சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி, நாலு மணிக்கு விட்டுவிடுவார்கள். நாட்ராயன் சட்டென்று முக்காலியில் உட்கார்ந்து காலை லிஃப்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அவள் கேட்டைத் தள்ளித் திறந்து, வண்டியை ஷெட் ஓரத்தில் கொண்டுவந்து சைடு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே லிஃப்டைப் பார்த்தாள்.

"ஏறிருச்சுங்களாப்பா," என்றாள்.

சுற்றி வந்தாள். பலகையைத் தட்டிப் பார்த்தாள், லாக் ராடு எதற்கு, ஜாக்கி எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு போனில் போட்டோ எடுத்து அங்கேயே அம்மாவுக்கு அனுப்பினாள். ஆபீஸில் யாராவது அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் இனி இதைத்தான் காட்டப் போகிறாளாம். அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்காமல் அவர் துணியை மறுபடி மண்ணெண்ணெயில் நனைத்தார். அவளுக்குப் பின்னால் ஸ்கூட்டர் சாய்ந்து நின்றது. அது எப்போதும் சாய்ந்துதான் நிற்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் சைடு ஸ்டாண்ட்தான் போடுகிறார்கள், யாருக்கு இப்போது மெயின் ஸ்டாண்டு போடப் பொறுமை இருக்கிறது, தெருவில் நிற்கிற வண்டியெல்லாம் சாய்ந்துதான் நிற்கிறது. கேட்காதே என்று மனம் சொன்னது. வெள்ளிக்கிழமை போகட்டும், இப்போது கேட்காதே. வாய் கேட்டுவிட்டது.

"கண்ணு, உன் வண்டிய மெயின் ஸ்டாண்டுல போடு. ஆயில் பாக்கோணும்."

சைடு ஸ்டாண்டிலேயே பாருங்கள் என்றாள். சரியாகத் தெரியாது, போடு என்றார். பையைக் கழற்றிப் புல்லட் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போனாள். இடது கை ஹேண்டில்பாரில், வலது கை பின் கம்பியில், வலது கால் ஸ்டாண்டின் மேல், எல்லாம் சரியாகத்தான் செய்தாள், சின்ன வயசில் அவர்தான் சொல்லிக்கொடுத்தது. அமுக்கினாள். ஸ்கூட்டர் கொஞ்சம் எழுந்து, யோசித்துவிட்டு, மறுபடி கீழே உட்கார்ந்தது. அவர் ஸ்கூட்டரைப் பார்க்கவில்லை, அவள் கணுக்காலைப் பார்த்தார். இன்னொரு தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள், தோள் வேலை செய்தது, இடுப்பு வேலை செய்தது, கழுத்து நரம்பு புடைத்தது, பாதம் மட்டும் ஸ்டாண்டின் மேல் விருந்தாளி போல இருந்தது. ஆபீஸில் வாட்ச்மேன் அண்ணனைத்தான் போட்டுத் தரச் சொல்வேன் என்று சிரித்தாள். எப்பவுமேவா என்று கேட்டார். முன்னெல்லாம் நானே போட்டுட்டுத்தான் இருந்தனுங்ப்பா, இப்பத்தான் வர்றதில்ல, உடம்பு வெச்சிருச்சாட்ட இருக்குது என்றாள். காலை எடுக்காமல், பக்கத்தில் உயர்ந்து நின்ற லிஃப்டைக் கண்ணால் காட்டினாள்.

"அதான் நீங்க இத செஞ்சுட்டீங்கல்லங்ப்பா. இனி ரெண்டு பேருக்கும் ஸ்டாண்டு எதுக்கு."

ஆமாம் கண்ணு, எதுக்கு என்று சொல்லிவிடலாம். அவ்வளவுதான், மூணு வார்த்தை. அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போவாள், காப்பி போடுவாள், சாந்தாமணி காதுகுத்து வீட்டுப் பலகாரத்தோடு வருவாள், வெள்ளிக்கிழமை வரும், தட்டு மாற்றுவார்கள், எவனோ ஒருத்தன் ஓசூரில் ஒன்றும் தெரியாமல் இவளைக் கட்டிக்கொள்வான், இவளும் ஒன்றும் தெரியாமல் ஒரு பிள்ளையைப் பெற்றுக்கொள்வாள், அதற்கும் ஏதாவது ஒன்றைச் செய்து வைக்கலாம். செய்யத் தெரியாதா அவருக்கு. ஒரு வேளை ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், உடம்புதான் வைத்திருக்கிறது, பிள்ளை சொல்கிறாளே. வாயைத் திறந்தார். அண்ணனுக்காக அன்று கதவடைத்த அறையில் வராமல் போன வார்த்தை எங்கே கிடந்ததோ, இத்தனை வருசம் கழித்து, கேட்க வேண்டியவர் இல்லாத இடத்தில், வேறு உருவத்தில் வந்தது.

"பெரியப்பா குடிச்சதே இல்ல கண்ணு."

அவளுக்குப் புரியவில்லை. எந்தப் பெரியப்பா என்றாள். சென்னியப்பன் பெரியப்பா, ஒரு சொட்டுக் குடிச்சதில்ல, நாங்கதான் அப்படிச் சொன்னோம், அவரையும் சொல்ல வெச்சோம் என்றார். சொல்லிவிட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முக்காலியிலிருந்து எழுந்தார், வெறும் காலை மறைக்கவில்லை. அவள் அந்தக் காலைப் பார்த்தாள். பெரியப்பா சாகும்போது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பெரியப்பா என்றால் கட்டிலும், ஒரு வாசனையும், தெருவில் சத்தம் கேட்டதும் அம்மா தன்னை உள்ளே இழுத்துக்கொள்வதும்தான் அவளுக்கு. முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை, எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது.

"அப்பறம் ஏனுங்ப்பா அப்படி நடந்தாரு?"

கேட்டுவிட்டு மெல்லக் குனிந்து பார்த்தாள். அவள் வலது கால் இன்னும் ஸ்டாண்டின் மேல்தான் இருந்தது.